பழைய வண்டியின் தானியங்கிக் கியர்ப்பெட்டி: பிணி காணும் முறை

நோய் இன்னதென்று தெளியுமுன் மருந்து கொடுத்தல் மருத்துவனுக்கு இழுக்கு, நோயாளிக்குக் கேடு. இவ்வுண்மை உயிருள்ள உடம்பிற்கேயன்றி, மனிதன் தன் கையாற் சமைத்துக்கொண்ட பொறிகளுக்கும் பொருந்துவதாகும். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் மோட்டார் வண்டியின் கியர்ப்பெட்டி இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு. அதன் உட்புறம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதன் தொழிலும் பலருக்கு விளங்குவதில்லை. ஆதலின், வண்டி புறப்படுங்கால் சிறிது தயங்கினாலும், கியர் மாறுங்கால் சிறிது குலுங்கினாலும், "பெட்டி போய்விட்டது" என்னும் ஒரு சொல்லே முடிந்த தீர்ப்பாக வழங்கப்பட்டுவிடுகின்றது. அத்தீர்ப்பின் விலையோ சிறிதன்று. ஆண்டு பல சென்ற வண்டியிற் கியர்ப்பெட்டியை மாற்றுஞ் செலவு, சிற்சில வேளைகளில் அவ்வண்டியின் விலையையே எட்டிவிடும். பிறர் ஓட்டிய பழைய வண்டியைச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் வாங்கிய எளிய குடும்பத்தார்க்கு, அஃது இருக்கும் நகையையும் அடகுக்கடைக்கு அனுப்புவதாக முடியும்.

ஆகவே, பெட்டியைப் பிரிக்குமுன் அறியத்தக்கன யாவை, அவற்றை எம்முறையில் அறிதல் வேண்டும் என்பனவற்றை எம்மால் இயன்ற அளவு ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இப்பொருள் எற்றுக்கு என வினவுவாரும் உளராவர். அவர்க்குரிய விடை கட்டுரையின் இடையே தானே வெளிப்படும்.

1. நம் நாட்டுச் சாலையும் வெயிலும்

பெரம்பலூர் 1995-ஆம் ஆண்டிலே திருச்சிராப்பள்ளியினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-இல் அதனினின்று பிரிந்து, மீண்டும் அதனோடு சேர்ந்து, 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலை பெரம்பலூர் வழியே செல்கின்றது. அரியலூரைச் சூழ்ந்த நிலத்திற் சுண்ணாம்புக்கல் மிகுதி. ஆதலால் ஆண்டுச் சிமெண்டு ஆலைகள் பல எழுந்துள்ளன. கல் ஏற்றிய லாரிகள் அணியணியாய்ச் செல்லும் சாலைகளும் அங்குப் பலவாம்.

இவற்றை ஈண்டுக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஒரே வண்டி ஒரே நாளிற் பெருஞ்சாலையில் விரைந்தோடி, பின் பெரம்பலூரினின்று அரியலூர் செல்லும் வழியில் லாரிகளின் பின்னே ஊர்ந்து, ஊருக்கு ஊர் வேகத்தடையில் ஏறி இறங்கவேண்டியதாகின்றது. சித்திரை வைகாசி வெயிலோ சொல்லவேண்டா. லாரிகள் எழுப்பும் வெண்புழுதி ரேடியேட்டரின் தகடுகளிற் படிந்து காற்று புகும் வழியை அடைத்துவிடும். தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய் பெரும்பாலும் அந்த ரேடியேட்டரின் உள்ளேயோ அதன் அருகேயோ உள்ள குழாய்களிற் சென்றுதான் குளிர்கின்றது. எண்ணெய்க்கு முதற்பகை வெம்மையே. ஆகவே, வேறிடத்திற் பல்லாண்டு உழைக்கத்தக்க எண்ணெய் இந்நாட்டில் விரைவிற் கெடுதல் வியப்பன்று. வண்டியோடு வந்த கையேட்டிலும், கடுமையாக உழைக்கும் வண்டிக்கு எண்ணெய் மாற்றுங் காலம் குறுகியதாகவே குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

2. பொறி பிறந்த வரலாறு

எண்ணெயின் ஓட்டத்தால் ஒரு சக்கரத்தின் விசையை மற்றொரு சக்கரத்திற்குச் செலுத்தும் முறையை ஜெர்மானியப் பொறியறிஞர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்பார் 1905-ஆம் ஆண்டளவிற் கண்டு உரிமை பெற்றார். அவர் கருதியது மோட்டார் வண்டியையன்று, கப்பலையே. பின்னர் அமெரிக்காவிலே ஜெனரல் மோட்டார்ஸ் குழுவினர் 'ஹைட்ரமாட்டிக்' எனப் பெயரிய நான்கு கியர்ப் பெட்டியை 1939-இல் வெளியிட்டு, 1940-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் அமைத்தனர். இரண்டாம் உலகப்போரிற் சில டாங்கிகளிலும் அஃது உழைத்தது.

நம் நாட்டினரும் இத்துறையிற் பின்னிற்கவில்லை. துர்க்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராயிருந்தவரும், ஸ்வராஜ் டிராக்டர் தோன்றுதற்குத் துணைநின்றவருமாகிய மன்மோகன் சூரி என்பார், டீசல் ரயில் எஞ்சின்களுக்கென ஒருவகை எண்ணெய்விசை அமைப்பைக் கண்டனர். அஃது அவர் பெயராலேயே 'சூரி டிரான்ஸ்மிஷன்' என வழங்கிற்று.

நம் சாலைகளிலோ, நெடுங்காலம் தானியங்கிக் கியர் செல்வர்தம் வண்டிக்கே உரியதாயிருந்தது. 1990-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் மாருதி ஸென் வண்டியில் மூன்று கியர்களையுடைய தானியங்கிப் பெட்டி வந்தது. பின் ஹூண்டாய் ஐ10 போன்ற சிறு வண்டிகளில் நான்கு கியர்ப் பெட்டி வந்தது. அவை இன்று பழைய வண்டிகளாகிக் கைமாறிக் கைமாறிச் சிற்றூர்களை அடைகின்றன. ஆகவே, அவற்றின் பிணியை அறிதல் இப்பொழுது நகரத்தார்க்கு மட்டும் உரிய கலையன்று.

3. பெட்டியின் உள்ளமைப்பு

கையாற் கியர் மாற்றும் வண்டியில், எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே கிளச் உண்டு. அதனை ஓட்டுவோன் காலால் விடுவித்துக் கையாற் கியரை மாற்றுகின்றான். தானியங்கியில் இவ்விரு தொழிலையும் எண்ணெயே செய்கின்றது. அதன் உறுப்புக்களை நான்காகத் தொகுத்துக் கொள்ளலாம்.

முதலாவது, முறுக்குவிசை மாற்றி. 'டார்க் கன்வெர்ட்டர்' என்று பட்டறையில் வழங்குவது இதுவே. இரு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழற்றினால், அதன் காற்றால் மற்றொன்றும் சுழலக் காண்கின்றோமல்லமோ? அதுபோல, எஞ்சினோடு சுழலும் ஒரு சக்கரம் எண்ணெயை வீச, அவ்வெண்ணெய் கியர்ப்பெட்டியோடு சேர்ந்த மற்றொரு சக்கரத்தைச் சுழற்றும். இடையில் நிற்கும் மூன்றாவது சக்கரம் எண்ணெயைத் திருப்பிவிட்டு, புறப்படுங்கால் விசையைப் பெருக்கும். வண்டி நின்றிருக்கும்போது கியர் போட்டிருந்தும் எஞ்சின் அணையாதிருத்தற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது, பற்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு சக்கரம், அதனைச் சுற்றிச் சில சிறு சக்கரங்கள், அவற்றைச் சூழ்ந்து ஒரு வளையம் என அமைந்தது இது. ஞாயிற்றைச் சுற்றும் கோள்களை ஒத்தலின் கோட்சக்கரம் எனலாம். இவற்றுள் ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் ஒரு வேகமும், வேறொன்றை நிறுத்தினால் மற்றொரு வேகமும் கிடைக்கும்.

மூன்றாவது, அவ்வாறு பிடித்து நிறுத்தும் கிளச்சுத் தட்டுக்களும் பட்டைகளும். நான்காவது, அத்தட்டுக்களை நெருக்குதற்குரிய எண்ணெய் அழுத்தத்தை எழுப்பும் பம்பும், அவ்வழுத்தத்தைக் காலமறிந்து ஏவும் வால்வுத் தொகுதியும். மிகப் பழைய வண்டிகளில் இவ்வேவலைத் தருவன ஆக்ஸிலேட்டரோடு பிணைந்த கம்பியும், வண்டியின் வேகத்தை உணரும் கவர்னர் என்னும் உறுப்புமாம். பிற்பட்ட வண்டிகளில் சிறு கணிப்பொறி ஒன்று மின்வால்வுகள் வாயிலாக ஏவுகின்றது.

இதனால் அறியத்தக்கது யாது? எண்ணெய் இங்கு உராய்வைத் தணிக்கும் பொருள் மாத்திரமன்று. விசையைக் கடத்துவதும் அதுவே, தட்டுக்களை நெருக்குவதும் அதுவே, வெம்மையைச் சுமந்து சென்று ஆற்றுவதும் அதுவே. எனவே, கியர் மாறுவதிற் குறை தோன்றின், வினாக்கள் மூன்றே. எண்ணெயின் அழுத்தம் போதுமானதா? ஏவல் சரியானதா? தட்டுக்கள் பிடிக்கின்றனவா? முதலிரண்டிற்கும் விடை காணப் பெட்டியைப் பிரிக்கவேண்டுவதே பெரும்பாலும் இல்லை. மூன்றாவது ஒன்றே பெருஞ்செலவிற்குரியது. ஆயினும் பலர் அந்த மூன்றாவதையே முதலாவதாகக் கொள்கின்றனர். பிழை இங்கேதான் பிறக்கின்றது.

4. குறிகளை ஒப்புநோக்கல்

அரியலூரிலே சடகோப ஐயங்காரிடத்தும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்திலே விருத்தாசல ரெட்டியாரிடத்தும் இளமையிலே தமிழ் கேட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், பிற்காலத்து ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்பிட்டு 1887-இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தனர். ஓர் ஏட்டில் ஒரு சொல் பிழையாகத் தோன்றியவுடன் தம் மனம்போனவாறு திருத்துவது பதிப்பாசிரியர் முறையன்று. ஏடுகள் யாவற்றிலும் அப்பிழை உளதா, ஓரேட்டில் மட்டும் உளதா என்று பார்ப்பதே முறை. எல்லா ஏட்டிலும் இருப்பின் அவற்றிற்குப் பொதுவான மூலத்திற் காரணம் தேடல் வேண்டும். ஒன்றில் மட்டும் இருப்பின் அவ்வேட்டை எழுதினோனிடத்துத் தேடல் வேண்டும்.

கியர்ப்பெட்டிக்கும் இதுவே நெறி. எல்லாக் கியரிலும் வண்டி நழுவுமாயின், எல்லாவற்றிற்கும் பொதுவாயுள்ள எண்ணெய், பில்டர், பம்பு ஆகியவற்றை முதலில் ஐயுறுக. ஒரே கியரில் மட்டும் நழுவுமாயின், அக்கியருக்குரிய தட்டையோ மின்வால்வையோ ஐயுறுக. முன்செல்லும்போது நழுவும் வண்டி பின்செல்லுங்கால் வன்மையோடு செல்லுமாயின், பம்பு குற்றமற்றதாதல் கூடும். ஏனெனில், இரண்டிற்கும் பம்பு ஒன்றே, தட்டுக்களே வேறு.

இனி, குறிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

நழுவுதல்: எஞ்சின் இரைச்சல் உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராமை. எண்ணெய் குறைதல், அழுத்தம் குறைதல், தட்டுத் தேய்தல் என்னும் மூன்றும் இதற்குக் காரணமாகலாம்.

தாமதம்: நெம்பை 'டி'யில் இட்டும் சில நொடி வண்டி அசையாமை. காலையில் முதன்முறை மட்டும் இவ்வாறாயின், இரவில் எண்ணெய் வடிந்து கீழிறங்கியிருத்தல் கூடும். உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் முதிர்ந்து இறுகியிருத்தலும் கூடும்.

குலுக்கு: கியர் மாறுங்கால் இடித்தாற்போல் அதிர்தல். ஆக்ஸிலேட்டர்க் கம்பி அளவுக்கு மிஞ்சி இழுபட்டிருப்பின் கியர் காலந்தாழ்த்து வன்மையாக மாறும். எஞ்சின் ஓய்வுவேகம் மிகுந்திருப்பின், நிறுத்தத்தில் 'டி'யில் இடும்போது மட்டும் இடிக்கும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருப்பினும் அதே இடி கேட்கும். அதற்குக் கியர்ப்பெட்டி பொறுப்பன்று.

மேற்கியர் ஏறாமை: பழைய அமைப்பிற் கவர்னர் சிக்கிக்கொண்டிருக்கலாம். கணிப்பொறி அமைப்பில், ஏதேனும் ஓர் உணர்கருவி பிழைபட்டதனால், மேலுந் தீங்கு நேராவண்ணம் கணிப்பொறி ஒரே கியரில் வண்டியைப் பிணித்து வைத்திருக்கலாம். பேட்டரி வலுவிழத்தலும், மின்கம்பி முனையிற் பச்சை பூத்தலுங்கூட இந்நிலையை உண்டாக்கும்.

நடுக்கம்: மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்திலே மெல்ல ஓட்டுங்கால், சாலையின் மேடுபள்ளத்தில் ஓடினாற்போல் வண்டி நடுங்குதல். முறுக்குவிசை மாற்றியினுள் இருக்கும் பூட்டுக் கிளச் இதற்குக் காரணமாகலாம். அவ்வேகத்தில் ஆக்ஸிலேட்டரை விடாமலே பிரேக்கினை இடக்காலால் மெல்லத் தொட்டால் பல வண்டிகளில் அப்பூட்டு விடுபடும். அப்போது நடுக்கமும் நின்றால் ஐயம் வலுப்படும். நில்லாவிடின், எஞ்சினில் ஒரு சிலிண்டர் சரிவர எரியாமையே காரணமோ என்று ஆராய்க. ஆளரவமற்ற நேரான சாலையில், அனுபவமுடையார் ஓட்டும்போதே இச்சோதனையைச் செய்யவேண்டும்.

5. ஆராயும் வரிசை

பிணி காண்பதில் வரிசை உயிர்போன்றது. எளியதும் செலவற்றதும் முன்னும், அரியதும் செலவு மிக்கதும் பின்னுமாக நிற்றல் வேண்டும்.

முதற்கண் வினவுக. குறை எப்பொழுது தோன்றிற்று? குளிர்ந்தபோதா, சூடேறியபின்னா? எல்லாக் கியரிலுமா, ஒன்றிலா? அதற்குமுன் யாரேனும் எண்ணெயையோ ரேடியேட்டரையோ மாற்றினரா?

இரண்டாவதாக, எண்ணெயின் அளவைக் காண்க. டிப்ஸ்டிக் என்னும் அளவுகம்பி உடைய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில், வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, சூடேறியபின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்தல் வேண்டும். ஹோண்டா வண்டிகளில் எஞ்சினை அணைத்தவுடன் பார்ப்பது முறை. கம்பியே இல்லாத வண்டிகளும் உள. அவற்றைக் குறித்த வெப்பநிலையில் அடிப்புறத் திருகாணியைக் கழற்றிப் பார்த்தல் பட்டறையார் தொழில். அளவு குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், எண்ணெய் நுரைக்கும், அழுத்தம் வீழும். அளவு மிகுந்தாலோ, சுழலும் சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து அதே நுரையை எழுப்பும். ஆகவே, குறைந்தாற் கேடு என்று அஞ்சி மிகுதியாக ஊற்றுவோர் அதே கேட்டினைத் தாமே வருவித்துக் கொள்கின்றனர்.

மூன்றாவதாக, எண்ணெயின் நிறமும் மணமும் காண்க. புதிய எண்ணெய் பெரும்பாலும் செந்நிறமாயிருக்கும். பழுப்பு நிறம் முதுமையைக் காட்டும். அதனால் மட்டும் அஞ்சவேண்டா. கருநிறமும் கருகல் நாற்றமும் தட்டுக்கள் எரிந்தமைக்கு அறிகுறி. பாலிற் செஞ்சாந்து கலந்தாற்போலிருப்பின், ரேடியேட்டரின் நீர் எண்ணெயிற் கலந்துவிட்டது. அவ்வண்டியை ஓரடியும் ஓட்டலாகாது.

நான்காவதாக, கசிவும் இணைப்பும் காண்க. குளிர்விக்கும் ஹோஸ், அடித்தட்டின் பொருத்து, ஆக்ஸிலேட்டர்க் கம்பி, காற்றுக்குழாய், மின்னிணைப்பு ஆகியவை கண்ணாலும் கையாலும் அறியத்தக்கன.

ஐந்தாவதாக, கணிப்பொறியுடைய வண்டியாயின் அது பதிவு செய்துவைத்த பிழைக்குறிகளைக் கருவியால் வாசிக்கச் செய்க. குறி ஓர் உறுப்பின் பெயரைச் சொல்வதனாலேயே அவ்வுறுப்புத்தான் கெட்டதென்று துணியற்க. அதற்குச் செல்லும் மின்கம்பி அறுந்திருப்பினும் அதே குறி தோன்றும்.

ஆறாவதாக, தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக்கொண்டு எண்ணெய் அழுத்தத்தை அளவிடுக. பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்துப் பார்க்கும் சோதனை ஒன்றுண்டு. அஃது ஐந்து நொடிக்கு மேற்படின் எண்ணெய் கொதித்துப் பெட்டியையே கெடுக்கும். வண்டி பாய்ந்து ஆளையும் கெடுக்கலாம். பயிற்சியில்லார் அதனை ஒருபோதும் செய்யற்க.

இறுதியாக அடித்தட்டைக் கழற்றுக. பெரம்பலூர்ச் சாத்தனூரிலே 18 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் கல்மரத்தைப் புவியியற்றுறை அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இற் கண்டு வெளிப்படுத்தினர். அதனையும் அந்நிலத்துச் சிப்பிகளையும் கொண்டு, பல கோடி ஆண்டுகட்கு முன் அங்குக் கடல் இருந்ததென அறிஞர் உணர்கின்றனர். அடியிற் படிந்தவை மேலே நிகழ்ந்தவற்றைச் சொல்லும். அவ்வாறே, அடித்தட்டின் காந்தத்தில் மைபோன்ற சாம்பல் நிறப் படிவு சிறிது இருத்தல் இயல்பு; மின்னும் உலோகத் துணுக்குகளும், கரிய தட்டுச் சிதைவுகளும் மிகுந்திருப்பின், பெட்டி உள்ளே அழிந்துவருகின்றது என்க. இந்நிலையில்தான் 'பெட்டியைப் பிரித்தல் வேண்டும்' என்னும் தீர்ப்பு நியாயமாகும்.

6. இரு வண்டிகளின் கதை

எம் உறவினர் ஒருவர் அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூரினர். நான்கு கியர்களையுடைய பழைய தானியங்கி வண்டி ஒன்று அவரிடம் உண்டு. அவர்தம் தாயாரை வாரந்தோறும் சிறுநீரகச் சிகிச்சைக்காகத் திருச்சிக்கு அழைத்துச் செல்வது அவ்வண்டியே. இடக்கால் ஊனமுற்ற அவர்க்குக் கிளச் மிதிக்கும் வண்டி உதவாது. ஒரு கோடையில் அவ்வண்டி, அரைமணி நேரம் ஓடியபின், எஞ்சின் இரைந்தும் முன்செல்லாது நழுவலாயிற்று. பட்டறையொன்றிற் காட்டியபோது, அடியிலும் குனிந்து பாராது, "பெட்டி மாற்ற வேண்டும்" என்றனர். அவர் மனைவியார் தம் வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டார்.

நல்வினையாக, முதிய மெக்கானிக் ஒருவரிடம் மறுமுறை காட்ட நேர்ந்தது. யாமும் உடனிருந்தோம். அவர் முதலிற் கருவி எதனையும் எடுத்திலர். "எப்ப நழுவுது? ரிவர்ஸ்லயும் நழுவுதா? காலையில எப்படி?" என்று கேட்டனர். சூடேறியபின், எல்லாக் கியரிலும், பின்செல்லும்போதும் நழுவும் என்று விடை பெற்றதும், "அப்போ தட்டு ஒண்ணைக் குத்தம் சொல்ல முடியாது" என்றனர். கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் குறிக்கு மிகத் தாழ்ந்திருந்தது. நிறம் பழுப்பே, கருகல் மணம் இல்லை. எண்ணெய் எங்கே சென்றது என்று தேடியபோது, ரேடியேட்டருக்குச் செல்லும் ஹோஸின் கீழ்ப்புறம் சுண்ணப்புழுதி எண்ணெயிற் குழைந்து களிபோல் ஒட்டியிருந்தது. ஹோஸ் வெடித்திருந்தது. வண்டி ஓடுங்காற் கசிந்து, நிற்குங்காற் கசிவு நின்றமையால், வீட்டு வாசலில் ஒரு துளியும் காணப்பட்டதில்லை.

ஹோஸும் பில்டரும் மாற்றி, கையேடு கூறிய எண்ணெயையே ஊற்றி, ரேடியேட்டர்த் தகடுகளை நீரால் மெல்லக் கழுவினர். "பெட்டி கொஞ்சம் தேஞ்சிருக்கலாம், இதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றும் ஒளியாது கூறினர். வண்டி அதன்பின் நழுவவில்லை. வளையல்களும் அவ்வம்மையார் கையை மீண்டும் அடைந்தன.

அதே நாளில் மற்றொரு வண்டியும் அவரிடம் வந்தது. அதன் எண்ணெய் கரிபோல் இருந்தது. கருகல் நாற்றம் வீசிற்று. மூன்றாங்கியர் முற்றும் பிடிக்கவில்லை. உடையவர், "புது ஆயில் ஊத்திப் பாருங்கண்ணே" என்று வேண்டினார். அம்முதியவர் மறுத்துவிட்டனர். எரிந்துபோன தட்டைப் புதிய எண்ணெய் மீட்டுத் தாராது என்றும், அப்பணத்தைப் பெட்டி பிரிக்குஞ் செலவிற்குச் சேர்த்து வைக்குமாறும் கூறி அனுப்பினர். வருங்கூலியை வேண்டாமென்றதும் பிணியறிவின் ஒரு பகுதியே என்று யாம் கருதினோம்.

7. தவிர்க்கத்தக்கன

நம்மூரில் வண்டி புறப்படாவிடில் நால்வர் கூடித் தள்ளிவிடுதல் வழக்கம். இப்பெட்டியுடைய வண்டியில் அது பயன்படாது. பம்பைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் ஓடாதபோது அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாதபோது தட்டுக்கள் பிடியா. தட்டுக்கள் பிடியாதபோது சக்கரத்தின் சுழற்சி எஞ்சினை எட்டாது. அதே காரணத்தால், இயக்குஞ் சக்கரங்கள் தரையில் உருளக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுத்தலும் தீது. உள்ளே எண்ணெய் ஓடாமல் உறுப்புக்கள் உராய்ந்து அழியும். அச்சக்கரங்களைத் தூக்கியோ, வண்டி முழுவதையும் வேறொரு வண்டியின்மேல் ஏற்றியோ கொண்டுசெல்வதே தக்கது.

எண்ணெய் யாவும் ஒன்றென்று கருதுதலும் பெரும்பிழை. பெட்டிக்குப் பெட்டி எண்ணெயின் உராய்வியல்பு வேறு. கையேட்டிற் குறித்த வகையை விடுத்துக் கடையில் இருப்பதை ஊற்றினால், நல்ல பெட்டியும் நடுங்கத் தொடங்கும்.

மற்றும் ஒன்று. 'ஆட்டோமாட்டிக்' என்னும் ஒரு பெயரால் வேறு வேறு பொறிகள் வழங்குகின்றன. ஹோண்டா சிட்டி வண்டிகள் சிலவற்றில் உள்ள சி.வி.டி. என்பதில் கியர்ப்படிகளே இல்லை. இரு கப்பிகளுக்கிடையே உலோகப் பட்டை ஒன்று ஓடுகின்றது. அதற்குரிய எண்ணெயும் வேறு. 2014-இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டிற் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. என்பதோ, கையாற் கியர் மாற்றும் பழைய பெட்டியே; கிளச்சையும் கியரையும் நம் கைகாலுக்கு மாறாக ஒரு கருவி இயக்குகின்றது. அதில் முறுக்குவிசை மாற்றி இல்லை. கியர் மாறுங்காற் சிறிது தயங்குதல் அதன் இயல்பு. ஆகவே, யாம் மேலே கூறிய எண்ணெய்க் குறிகளை அதனிடத்துத் தேடற்க. பிணியை நாடுமுன், பிணியுற்றது எவ்வுடம்பு என்பதை அறிதல் வேண்டும்.

8. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், பழைய வண்டியின் கியர்க் குறைகளெல்லாம் பெட்டியின் அழிவென்று கொள்ளலாகாது என்பதும், எண்ணெய், ஏவல், தட்டு என்னும் மூன்றையும் இவ்வரிசையிலேயே ஆராய்தல் வேண்டுமென்பதும், பெட்டி உண்மையாகவே அழிந்திருப்பின் மலிவான மருந்தால் அதனை ஏமாற்ற முடியாதென்பதும் விளங்கும்.

கோடை தொடங்குமுன் ரேடியேட்டர்த் தகடுகளைக் கழுவுக. திங்கள்தோறும் ஒருமுறை வண்டியின் அடியைக் குனிந்து நோக்குக. கம்பி உளதாயின் எண்ணெயின் அளவும் நிறமும் காண்க. எண்ணெய் மாற்றிய நாளையும், அப்போது வண்டி ஓடியிருந்த கிலோமீட்டரையும் ஒரு சிறு ஏட்டிற் குறித்து வண்டியிலேயே வைக்க. அடுத்து அவ்வண்டியை வாங்குவோர்க்கும் அஃது உதவும். "பெட்டி மாற்ற வேண்டும்" என்று யாரேனும் கூறின், சினவாமல், "எதனைக் கண்டு அவ்வாறு கூறுகின்றீர்கள்? எண்ணெயைக் காட்டுங்கள்" என்று மட்டும் கேட்க. கண்டு கூறியவர் காட்டுவர். காணாது கூறியவர் அப்பொழுதாயினும் குனிந்து பார்ப்பர்.